காகிதத்தில் ஐம்பத்தொன்று

கிருஷ்ணகிரியில் அவர் கணக்குப்பிள்ளையாக இருந்த மாங்காய் மண்டியை மூடிவிட்டபோது குலாம் ரசூலுக்கு முப்பத்தெட்டு வயது. அது எழுபத்தைந்தாம் வருடம். ஓசூரில் அப்போதுதான் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கொட்டகை போட்டுக்கொண்டிருந்தன. ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு முதல் பஸ்ஸில் கிளம்பிப் போனார். கேட்டில் இருந்தவன் முகத்தைப் பார்த்தே, "முப்பத்தஞ்சுக்கு மேல எடுக்கறதில்ல" என்று திருப்பி அனுப்பிவிட்டான்.

இரண்டு மாதம் கழித்து இன்னொரு கம்பெனிக்குப் போனார். கியர் செய்யும் கம்பெனி. இந்தத் தடவை முன்யோசனையோடு போயிருந்தார். ஐந்தாவது வரைதான் படித்தேன், படித்த ஓராசிரியர் பள்ளிக்கூடம் இப்போது இல்லை, அதனால் சர்டிபிகேட் இல்லை என்றார். சர்டிபிகேட் இல்லாதவர்களை டாக்டரிடம் அனுப்பினார்கள். டாக்டர் பல்லைப் பார்த்தார், தலையைப் பார்த்தார். போன வாரம்தான் மை தடவிய தலை. "என்ன வயசு இருக்கும்னு நீங்களே சொல்லுங்க" என்றார் டாக்டர்.

"முப்பத்தொண்ணு."

டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார். ஒரு வார்த்தையில் ஏழு வருடம் கழிந்துபோயிற்று.

டூல் ஸ்டோரில் வேலை. கம்பி வலை போட்ட ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, ஆட்கள் நீட்டும் பித்தளை டோக்கனை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு டிரில்லோ ரீமரோ எடுத்துக் கொடுக்க வேண்டும். ஷிப்டு முடிவதற்குள் திருப்பி வாங்கி வைக்க வேண்டும். இருபது வருடம் அந்த வலைக்குப் பின்னால் ஒரு குறையும் சொல்ல முடியாதபடி வேலை பார்த்தார். ஒரு மைக்ரோமீட்டர்கூடத் தொலைந்ததில்லை. ஆனால் வலைக்கு வெளியே நிற்கும் ஒவ்வொரு முகத்தையும், இவனுக்கு ஏதாவது தெரியுமோ என்று பார்ப்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது.

பேச்சில் எச்சரிக்கையாக இருந்தார். கேன்டீனில் யாராவது பழைய கதை எடுத்தால் டம்ளரோடு எழுந்து போய்விடுவார். ஒருமுறை ஃபிட்டர் கோவிந்தன் சாதாரணமாகத்தான் கேட்டான்: "சுதந்திரம் வந்தப்ப மிட்டாய் குடுத்தாங்களாமே, உங்களுக்கு ஞாபகம் இருக்குதா பாய்?" அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் கொடியைப் பிடித்துக்கொண்டு ஓடியதும், சட்டைப் பையில் ஆரஞ்சு மிட்டாய் ஒட்டிக்கொண்டதும் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "எனக்கு அப்ப மூணு வயசுப்பா" என்று சொல்லிவிட்டார். கோவிந்தன் ஏன் அதைக் கேட்டான் என்று ஒரு மாதம் யோசித்துக்கொண்டிருந்தார்.

எண்பத்தெட்டில் கேட்டுக்கு ஒரு புது வாட்ச்மேன் வந்தான். காலை ஷிப்டுக்கு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தவரை, "டேய், ரசூலு!" என்று ஒரு குரல் நிறுத்தியது. காக்கிச் சட்டையும் நரைத்த மீசையுமாக ஆஞ்சப்பன் நின்றிருந்தான். குந்தாரப்பள்ளி ஆஞ்சப்பன். கிருஷ்ணகிரி ஹைஸ்கூலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எட்டாவது பாஸ் செய்தவன். அது ஐம்பத்தொன்றாம் வருடம். கம்பெனிக் காகிதத்தின்படி அப்போது குலாம் ரசூலுக்கு ஏழு வயது.

பின்னால் இரண்டு பேர் சைக்கிளோடு வந்துகொண்டிருந்தார்கள்.

"யாருப்பா நீ? ஆள் தெரியாம பேசற" என்றார் குலாம் ரசூல்.

ஆஞ்சப்பனின் முகத்தில் இருந்த சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. அப்புறம் விறைப்பாக நின்று, "தப்பா நெனச்சுட்டேன் பாய், போங்க" என்றான். அடுத்த நாளிலிருந்து அவரைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு சலாம் வைத்தான். வேறு பேச்சில்லை. ஏழு வருடம் தினமும் இரண்டு தடவை அந்த சலாம். அதில் கிண்டல் இருக்கிறதா, மிரட்டல் இருக்கிறதா என்று குலாம் ரசூலுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

தொண்ணூற்றைந்தில் கம்பெனிக்குள் காற்று மாறிவிட்டது. கம்ப்யூட்டர் வைத்த மிஷின்கள் இரண்டு வந்து இறங்கின. அவற்றைப் பொருத்துவதற்கு வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு அறுபத்தாறு வயதாம். அவர் ஊரில் ரிட்டயர் ஆகி, திரும்பவும் கம்பெனியே கூப்பிட்டு அனுப்பியதாம். அந்தக் கிழவர் மிஷினுக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை செய்வதை எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். மிஷின் ஓடத் தொடங்கியதும் பக்கத்துக் கம்பெனியில் வயதானவர்களுக்கு வி.ஆர்.எஸ். கொடுத்து அனுப்புகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. அந்தச் சமயம் பார்த்து நோட்டீஸ் போர்டில் ஒரு காகிதம் ஒட்டப்பட்டது. ஐம்பது வயதைத் தாண்டிய தொழிலாளர்களிடம் பெங்களூரிலிருந்து ஒரு அம்மா வந்து சில கேள்விகள் கேட்பார், ஒத்துழைக்க வேண்டும். கீழே நாற்பத்து மூன்று பெயர்கள். பதினேழாவது பெயர் அவருடையது.

"ஆய்வாம் ஆய்வு. யாரை மொதல்ல கழுத்தைப் புடிச்சுத் தள்றதுன்னு லிஸ்ட் எடுக்கறாங்க" என்றான் கோவிந்தன். அவன் பெயரும் பட்டியலில் இருந்தது.

ஜலஜாக்ஷி என்பது அந்த அம்மாவின் பெயர். முப்பது வயது இருக்கும். கன்னட ராகத்தில் தமிழ் பேசினாள். கேன்டீனை ஒட்டிய அறையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஆறு தேசத்தில இந்த மாதிரி கேட்கறோம் சார். வயசானவங்க எத்தனை வருஷம் வேலை செய்யறாங்க, ஏன் நிறுத்தறாங்க, நிறுத்தின அப்புறம் என்ன பண்றாங்க. அவ்வளவுதான். பேரு எழுதமாட்டேன்."

பெயர் எழுதவில்லைதான். ஆனால் காகிதத்தின் மூலையில் 17 என்று எழுதியிருந்ததை குலாம் ரசூல் பார்த்துவிட்டார்.

"வயசு?"

"அம்பத்தொண்ணு."

"உடம்பு எப்படி?"

"கல்லு மாதிரி இருக்குது." முழங்கால் இரண்டும் அப்போதே குத்திக்கொண்டிருந்தன.

"மூத்த குழந்தைக்கு என்ன வயசு?"

மூத்தவள் ஃபகருன்னிசாவுக்கு முப்பத்து நான்கு. உள்ளதைச் சொன்னால் பதினேழு வயதில் பெற்றதாக ஆகும். "இருபத்தெட்டு" என்றார். வாய் கூசியது.

அப்புறம் அவள் கேள்விகள் எங்கெங்கோ போயின. வீட்டில் யார் யார் சம்பாதிக்கிறார்கள், மனைவிக்கு வேலை உண்டா. ஹமீதுன்னிசா வீட்டில் தையல் மிஷின் வைத்திருப்பதைச் சொன்னார். அந்தப் பேச்சில் கொஞ்சம் அசந்துவிட்டார். பேரன் பேத்தி உண்டா என்று அவள் கேட்டதும், "உண்டும்மா, மூத்தவளோட பையன் பத்தாவது படிக்கிறான், கணக்குல நூத்துக்கு நூறு" என்று சொல்லிவிட்டார்.

பேனா நின்றது. அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். ஒரு நொடிதான். அப்புறம் குனிந்து எதையோ எழுதினாள். இருபத்தெட்டு வயதுக்காரிக்குப் பதினைந்து வயதுப் பிள்ளை.

அன்று ஷிப்டு முடிந்து வெளியே வந்தபோது அந்தக் காட்சியைப் பார்த்தார். ஜலஜாக்ஷி கேட்டருகே நின்று ஆஞ்சப்பனோடு பேசிக்கொண்டிருந்தாள். கையில் நோட்டு. ஆஞ்சப்பன் கையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்ல, அவள் சிரித்துக்கொண்டே எழுதினாள். இவர் அருகில் வந்ததும் ஆஞ்சப்பன் பேச்சை நிறுத்தி சலாம் வைத்தான். அவள் திரும்பி, "வரேன் சார்" என்றாள். இவ்வளவு நேரம் வாட்ச்மேனிடம் என்ன பேச்சு? பட்டியலில் அவன் பெயரே கிடையாது, அவன் செக்யூரிட்டி ஏஜென்சி ஆள். அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது, விசாரிக்கிறாள், இவன் சொல்லிவிட்டான். வேறு என்ன இருக்க முடியும்?

நான்கு நாள் சோறு இறங்கவில்லை. ஹமீதுன்னிசா கேட்டபோது வயிறு சரியில்லை என்றார். ஐந்தாம் நாள் மதியம், டூல் ஸ்டோரில் யாரும் இல்லாத நேரத்தில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து பெர்சனல் ஆபீசுக்கு இடது கையால் எழுதினார். 'கேட்டில் இருக்கும் ஆஞ்சப்பன் அறுபதை நெருங்கும் கிழவன். பொய் வயது காட்டி வேலையில் இருக்கிறான். கம்பெனியின் பாதுக்காப்பு இப்படிப்பட்டவர் கையில் இருப்பது சரியா?' இப்படிக்கு உண்மைத் தொழிலாளி. ஓசூர் பஸ் ஸ்டாண்டு அருகில் இருந்த தபால் பெட்டியில் போட்டுவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று நாலாபுறமும் பார்த்தார். பூக்கூடைகளோடு தளி பஸ்ஸுக்குக் காத்திருந்த பெண்கள்தான் நின்றிருந்தார்கள்.

ஒன்பதாவது நாள் கேட்டில் ஒரு புதிய ஆள் நின்றான்.

"பழைய ஆள் எங்க?" என்று குலாம் ரசூல் எதுவும் தெரியாதவர்போலக் கேட்டார்.

"வயசாயிடுச்சுன்னு ஏஜென்சிக்காரன் நிறுத்திட்டான் பாய். அம்பத்தெட்டாம். பாத்தா தெரியல இல்ல?"

நிம்மதி வரும் என்று நினைத்திருந்தார். வரவில்லை. இத்தனை நாள் ஆஞ்சப்பனுக்கு வாயைத் திறக்க ஒரு காரணமும் இல்லை. இப்போது இருக்கிறது. பெர்சனல் ஆபீசிலிருந்து யார் வந்தாலும் வலைக்குப் பின்னால் இவர் எழுந்து நின்றுகொண்டார். ஒருநாள் தபால்காரர் பதிவுத் தபால் ஒன்றோடு வந்து நின்றபோது கையெழுத்துப் போடும் முன் அனுப்பியது யார் என்று இரண்டு தடவை படித்துப் பார்த்தார். அது எல்.ஐ.சி. கடிதம்.

ஒரு வருடம் ஓடியது. எதுவும் நடக்கவில்லை. வி.ஆர்.எஸ்.ஸும் வரவில்லை. தொண்ணூற்றாறில் மழைக்காலம் முடிந்த சமயம் ஜலஜாக்ஷி மறுபடி வந்தாள். ஆய்வு முடிந்துவிட்டது, கேட்டதில் தெரிந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறேன் என்று கேன்டீனில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினாள். குலாம் ரசூல் கடைசி பெஞ்சில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஜப்பானில் அறுபதைத் தாண்டிய ஆண்களில் பாதிக்கு மேல் இன்னும் வேலைக்குப் போகிறார்கள் என்றாள். ஐரோப்பாவில் சில தேசங்களில் அறுபதுக்கு முன்பே பென்ஷன் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்களாம், போகச் சொல்லி அரசாங்கமே ஆசை காட்டுகிறதாம்.

"நம்ம ஊர்ல ரெண்டு விதம். கம்பெனி ரெஜிஸ்டர்ல பேர் இருந்தா அம்பத்தெட்டுல அனுப்பிடறாங்க. பேர் இல்லேன்னா சாகற வரைக்கும் வேலை."

ஓரமாகத் துடைப்பத்தோடு நின்றிருந்த வெள்ளையம்மா கையை உயர்த்தினாள். அறுபத்தைந்தோ எழுபதோ, அவளுக்கே தெரியாது. கான்டிராக்டில் கூட்டிப் பெருக்குகிறவள்.

"எங்களை எதுல எழுதின கண்ணு?"

"ரெண்டாவதுல அம்மா."

"எழுதினியா? அது போதும்" என்று சொல்லிவிட்டு வெள்ளையம்மா பெஞ்சுக்கு அடியில் கிடந்த டீ டம்ளர்களைப் பொறுக்கத் தொடங்கினாள். சிலர் சிரித்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் குலாம் ரசூல் அவளிடம் போனார். சுற்றிலும் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு கேட்டார்.

"அம்மா, போன வருசம் கேட்டுல ஒரு வாட்ச்மேன்கிட்ட பேசிட்டிருந்தீங்களே. அவர் என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"உங்களைப் பத்தியா? இல்லையே." கொஞ்சம் யோசித்தாள். "அவரா! கேட்காமலே வந்து தன் வயசைச் சொன்னார் சார். அம்பத்தெட்டு. எங்களைப் பட்டியல்ல சேர்க்காம என்ன ஆய்வு, என்னையும் எழுதிக்கோன்னார். முன்னாடி பஸ் கம்பெனில செக்கரா இருந்தாராம். அந்தக் கதையெல்லாம் சொல்லிச் சிரிக்க வெச்சார். ஏன், அவர் இல்லையா இப்போ?"

குலாம் ரசூல் வாய் வரைக்கும் வந்த இன்னொரு கேள்வியையும் கேட்டுவிட்டார்.

"நான் அன்னிக்கு... பேரன் வயசு சொன்னப்ப..."

அவள் சிரித்தாள். அது கேலிச் சிரிப்பாகத் தெரியவில்லை.

"கணக்கு இடிச்சுதுன்னு எனக்கும் தெரிஞ்சுது சார். உங்களோடது மட்டும் இல்ல. நாப்பத்துமூணு பேர்ல இருபத்தொம்பது பேருக்கு அப்படித்தான். ஒருத்தர் தம்பியை விடச் சின்னவரா இருந்தார். நான் ரெண்டு கட்டம் போட்டுட்டேன். ஒண்ணு காகித வயசு, ஒண்ணு நெஜ வயசு. பேர் இல்ல, பயப்படாதீங்க."

இருபத்தொன்பது பேர். அவர் கேன்டீனைச் சுற்றிப் பார்த்தார். டீ குடித்துக்கொண்டு நின்ற தலைகளில் எது எது மைத்தலை என்று அன்றுதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. அதில் கோவிந்தனுடையதும் ஒன்று. மிட்டாய் பற்றிக் கேட்டவன், அவனும் வேவு பார்த்திருக்கலாம், இவரைப் போலவே.

அடுத்த மாட்டுச் சந்தை நாளன்று லீவு போட்டுவிட்டு ஆஞ்சப்பனின் ஊரான குந்தாரப்பள்ளிக்குப் போனார். ஹைவேயில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சாணி வாசனையும் மாட்டுக் கழுத்து மணிச் சத்தமும் வந்தன. ஆஞ்சப்பனைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. தூரத்து ஊர்களிலிருந்து வரும் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டி, வியாபாரிகள் சாப்பிட்டுவிட்டு வரும்வரை பார்த்துக்கொள்ளும் வேலை. இரண்டு கையிலும் வாளியோடு வந்தான். மெலிந்திருந்தான். இவரைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தான்.

"வாங்க பாய். மாடு வாங்க வந்தீங்களா?"

"ஆஞ்சப்பா, அந்தக் கடுதாசி..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஏஜென்சி சூபர்வைசர் என்கிட்ட காட்டினான். யார் எழுதினதுன்னு தெரியுதான்னு கேட்டான். 'பாதுகாப்பு'க்கு நடுவுல ஒரு க் போட்டு எழுதறவன் நம்ம கிளாஸ்ல ஒருத்தன்தான் இருந்தான். அதுக்கோசரம் நீ வாங்கின அடி என் முதுகுலயும் இல்ல பட்டுது, பக்கத்துல உக்காந்த பாவத்துக்கு. இடது கையில எழுதிட்டா தப்பு மாறிடுமா?"

குலாம் ரசூல் மாடு கட்டும் கல்லில் உட்கார்ந்தார்.

"நீ ஏன்டா என்னைக் காட்டிக் குடுக்கல?"

"குடுத்து? நீயும் வந்து என்கூட மாட்டுக்குத் தண்ணி காட்டணுமா? இருக்கற வேலையே ஒரு ஆளுக்குப் பத்தல." ஆஞ்சப்பன் வாளியை எடுத்துக்கொண்டான். குரல் கொஞ்சம் தடித்தது. "மொத நாளே நீ மூஞ்சியத் திருப்பினப்பவே புரிஞ்சுக்கிட்டேன், வயசைக் கொறைச்சுக் குடுத்திருக்கான்னு. அதனாலதான் வாயத் தொறக்கல. ஏழு வருசம். அந்த ஏழு வருசத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், யாரும் இல்லாத நேரமாப் பாத்து வந்து 'நல்லா இருக்கியாடா'ன்னு கேட்டிருக்கலாம் இல்ல?"

"மன்னிச்சுடு."

"அதெல்லாம் இப்ப வேணாம். அந்தச் செவலை கயித்தைப் புடி, வெரண்டு ஓடுது பாரு."

குலாம் ரசூல் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். சாயங்காலம் வரை பிடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவர் இருபத்தொரு வருடத்தில் செய்யாத ஒன்றைச் செய்தார். பெர்சனல் ஆபீசர் சௌந்தரராஜன் அறைக்குப் போய், அந்த மொட்டைக் கடுதாசி எழுதியது நான்தான், அந்த ஆளைத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள் என்றார்.

சௌந்தரராஜனுக்கு எந்தக் கடிதம் என்றே ஞாபகம் வரவில்லை. "அந்த ஏஜென்சியே இப்ப இல்லையே பாய். மாத்திட்டோம். புது ஏஜென்சில நாப்பத்தஞ்சுக்கு மேல எடுக்கறதில்ல."

"அப்ப இதையும் கேளுங்க சார். எனக்கு அம்பத்தொம்பது. போன வருசமே ரிட்டயர் ஆயிருக்கணும்."

சௌந்தரராஜன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இதை என்கிட்ட சொல்லாதீங்க. ரெக்கார்டுல அம்பத்திரெண்டு. உங்களுக்கு மாத்தினா எத்தனை பேருக்கு மாத்தணும் தெரியுமா? எனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். போய் வேலையைப் பாருங்க."

ஆக, காகிதம் சொன்னபடியே அவர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். முழங்கால் வீங்கியபோது ஏணி ஏறத் தேவையில்லாத வேறு வேலை கேட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சலுகை ஐம்பத்தைந்து தாண்டியவர்களுக்குத்தான் என்று பதில் வந்தது. மேல் அடுக்கில் இருக்கும் கட்டர்களை எடுக்க ஏணி ஏற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் அல்லாவைக் கூப்பிட்டுக்கொண்டு ஏறினார். கூட்டிக்கொண்டிருந்த வெள்ளையம்மா சில நாட்கள் துடைப்பத்தைச் சாத்திவிட்டு வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

மாதத்துக்கு ஒரு சந்தை நாள் அவர் லீவு போட்டார். போய்க் கயிற்றைப் பிடிப்பார். மதியம் ஆஞ்சப்பன் மனைவி நாராயணம்மா களியும் கீரைக் குழம்பும் கொண்டுவருவாள். மூன்றாவது மாதம் அவருக்கும் சேர்த்துக் கொண்டுவந்தாள். ஆஞ்சப்பன் மழையைப் பற்றிப் பேசுவான், மாட்டின் சுழியைப் பற்றிப் பேசுவான். பள்ளிக்கூடத்தைப் பற்றி மட்டும் பேசமாட்டான்.

இப்போது சந்தேகம் ஹமீதுன்னிசாவுக்கு வந்தது. தையல் மிஷினை நிறுத்திவிட்டு ஒருநாள் கேட்டேவிட்டாள். "ஏங்க, மாசம் தவறாம குந்தாரப்பள்ளியில உங்களுக்கு என்ன வேலை? சட்டையெல்லாம் சாணி நாத்தம். நெஜத்தைச் சொல்லுங்க."

அவர் சொன்னார். டாக்டர், பல், முப்பத்தொன்று, கேட்டில் தெரியாதவர்போல நின்றது, இடது கை, எல்லாவற்றையும். வயதைக் குறைத்தது அவளுக்குத் தெரியும். மற்றது எதுவும் தெரியாது. அவள் ரொம்ப நேரம் நூல் கண்டைப் பிரிப்பதும் சுற்றுவதுமாக இருந்தாள்.

"அந்த மனுசனை வீட்டுக்குக் கூப்பிடுங்க" என்றாள் கடைசியில். "ஒரு வேளை சாப்பாடு போடறேன்."

ரம்ஜானுக்கு அழைத்தார், ஆஞ்சப்பன் தலையை ஆட்டினான், வரவில்லை. பக்ரீதுக்கும் அழைத்தார். அன்றைக்கு நாராயணம்மா மட்டும் ஒரு பை நிறையக் கொத்தவரங்காயோடு வந்தாள். ஹமீதுன்னிசாவோடு பாயில் உட்கார்ந்து சாப்பிட்டாள். தன் ஜாக்கெட் துணியை அளவு பார்க்கக் கொடுத்தாள். "அவரு மாட்டை விட்டுட்டு வரமுடியாதுன்னாரு" என்றாள்.

அன்று சந்தை கிடையாது என்பது குலாம் ரசூலுக்குத் தெரியும். அவள் கிளம்பும்போது, காலை இழுத்து இழுத்து நடந்து பஸ் ஸ்டாப்பு வரைக்கும் கூடப் போனார்.